செந்துறையில் பேட்டரி கேட்ட கதை

தைப் பொங்கல் முடிந்த சனிக்கிழமை, நானும் மனைவி சுகந்தியும் திருச்சியிலிருந்து பைக்கில் கிளம்பினோம். பெரம்பலூர், அரியலூர் வழியாகச் செந்துறை. அங்கே நண்பர் ஒருவரின் முந்திரித் தோப்பில் கூடாரம் போட்டு ஓர் இரவு. ஓடோமீட்டர் கணக்கில் 114 கிலோமீட்டர். பெட்ரோல் 300 ரூபாய்.

இந்தப் பயணம் எங்கள் கூடாரத்துக்கு வைத்த பரீட்சை. போன தடவை கொல்லிமலையில் டார்ச் பாதியில் அணைந்து, இருட்டில் நான் சாம்பார் வாளியைச் சுகந்தியின் படுக்கையில் கவிழ்த்தேன். அன்றைக்கே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ லைட்டு சொதப்புச்சுன்னா டெண்ட்ட வித்துடுவேன். அப்புறம் லாட்ஜுதான்."

எனக்கோ கூடாரம் என்றால் உயிர். ஆகவே ஒரு மாதம் வீடியோ பார்த்து, 2,800 ரூபாய்க்கு ஒரு டார்ச் வாங்கினேன். உள்ளங்கை அளவுதான், அடித்தால் அரைக் கிலோமீட்டர் தாண்டித் தெரியும். தெருநாய்கள்கூட அதற்கு மரியாதை கொடுத்தன.

காலை 11.30க்குக் கிளம்பி, பெரம்பலூரில் சாப்பாடு. அங்கிருந்து அரியலூர் வரை மக்காச்சோளக் காடும் பருத்தியும் சாலையின் இரு பக்கமும் கூடவே வந்தன. அரியலூரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள். கறுப்புச் சட்டை போட்டுப் போனால் வெள்ளைச் சட்டையோடு திரும்பலாம். சுகந்தி பின்னால் பாடிக்கொண்டே வந்தாள். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

செந்துறையில் டீ குடிக்க நின்றபோது மணி 5.10. பையைத் திறந்தால் உள்ளே இஸ்திரிப் பெட்டி போலச் சூடு. துணிகள் அழுத்தியதில் சுவிட்ச் தானாக விழுந்து, பகல் முழுக்க என் பனியன்களுக்கு வெளிச்சம் காட்டிவிட்டு டார்ச் செத்துப் போயிருந்தது. அதற்கென்று தனி சார்ஜர் உண்டு. அது வீட்டு மேசைமேல் பத்திரமாக இருந்தது.

டீக்கடைக்கு எதிரே ஓர் எலக்ட்ரிக்கல் கடை. முப்பது வயதுப் பெண் ஒருவர் கல்லாவில் இருந்தார். டார்ச்சை நீட்டினேன்.

"இதுக்குப் பேட்டரி வேணுங்க."

"கையில வச்சிருக்கறதே பேட்டரிதானே சார்."

"இல்லீங்க, இதுக்குள்ள போடற பேட்டரி."

"பேட்டரிக்குள்ள எப்படி சார் பேட்டரி போடுவாங்க?" என்றவர், சட்டென்று புரிந்துகொண்டு, "ஓ, கட்டையா?" என்றார்.

"கட்டையெல்லாம் வேணாங்க, கேஸ் அடுப்பு கொண்டாந்துருக்கோம்."

அவரும் என் பின்னால் நின்ற சுகந்தியும் சேர்ந்து சிரித்ததில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பக்கம் டார்ச்சுக்குத்தான் பேட்டரி என்று பெயர். உள்ளே போடுவது கட்டை. இது தெரியாமல்தான் நான் விறகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் குண்டுக் கட்டை நம்ம பக்கம் கெடைக்காதுங்க. பென்சில் கட்டைன்னா பொட்டிக்கடையிலயும் கெடைக்கும்" என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு குட்டி பேட்டரியை எடுத்து வைத்தார். 180 ரூபாய். கட்டை இரண்டு, 40 ரூபாய். தொப்பியில் மாட்ட ஒரு கிளிப். மங்கலான மஞ்சள் வெளிச்சம். எனக்கு முகம் தொங்கிவிட்டது. சுகந்தி அதை வாங்கித் தன் தொப்பியில் மாட்டிக்கொண்டாள்.

தோப்பைச் சேரும்போது ஆறு தாண்டிவிட்டது. முந்திரிச் சருகு கணுக்கால் வரை. கூடாரக் கம்பிகளை இணைக்கும் விரல் அளவு குழாய் ஒன்று, என் கையிலிருந்து நழுவிச் சருகுக்குள் விழுந்தது. அது இல்லாமல் கூடாரம் நிற்காது. இருவரும் கால் மணி நேரம் குனிந்து தேடினோம். மேலிருந்து பார்த்தால் எல்லாமே சருகாகத்தான் தெரிந்தது. அரியலூர் லாட்ஜ் இருபது கிலோமீட்டர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

சுகந்தி தொப்பியிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, மெல்லச் சுற்றினாள். ஒவ்வொரு சருகுக்கும் நீளமாக நிழல் விழுந்தது. ஒரு நிழல் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது.

"அந்தா இருக்கு பாருங்க."

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. ஏழு மணிக்குக் கூடாரம் நின்றது. பெரம்பலூரில் கட்டி வாங்கிய பரோட்டாவை அதனுள் உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த முறை சால்னா இலையிலேயே இருந்தது.

டார்ச் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். கூடாரத்தில் நமக்கு வேண்டியது நாலடி தூரம். போகிற ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் கட்டையைப் போடுவதாக இருக்கட்டும். கிளிப் அவசியம். பையில் வைக்கும்போது பின்மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள், பனியன்களுக்கு வெளிச்சம் தேவையில்லை.

மறுநாள் காலை கூடாரத்தை மடித்தவள் சுகந்திதான். "டெண்ட்டு இருக்கட்டும்" என்றாள். நான் பல்லைக் காட்டுவதற்குள், "அந்த ரெண்டாயிரத்து எண்ணூறத்தான் வித்துடணும்" என்றாள்.

ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு: ஒரு மாதமே ஆன பேட்டரி விற்பனைக்கு. கட்டை உள்ளேயே இருக்கிறது.