அக்காவின் கேள்விகள்

அக்காவின் குரலை நான் வெட்டி எறிந்தேன். அவருடைய இந்த நினைவு மலரில் அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்குத் தகுதியில்லை.

அக்கா மாயவரத்தில் பிறந்தவர். திருமணமாகி டெல்லிக்கு வந்து லோதி ரோடு குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அத்தான் இளவயதிலேயே காலமானார். அக்கா பள்ளியில் தமிழ் கற்பித்து இரண்டு பெண்களை ஆளாக்கினார். வானொலியில் வேலை கிடைத்து வந்த எனக்கும் அந்த வீட்டில்தான் சோறு.

தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் மக்களைப் பற்றி ஒரு வானொலி விவரணம் தயாரிக்கச் சென்றேன். மைக்கைக் கண்டதும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு டீச்சரான அக்காவை அழைத்துப் போனேன். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்டி செல்வி, இன்னிக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்தியா?"

"சொன்னேங்க்கா. மாமியார் செத்துட்டாங்கன்னு மேம்சாப்கிட்ட சொன்னேன்."

"போன மாசமும் அவங்கதானே செத்தாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு நிற்கவேயில்லை.

ஸ்டூடியோவில் அக்காவின் கேள்விகளை வெட்டிவிட்டு, "உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படி?" என்று என் குரலை ஒட்டினேன். அக்காவுடையது பயிற்சி பெற்ற குரல் இல்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒலிபரப்பான அன்று கேம்ப் பெண்களோடு அக்காவும் ரேடியோ முன்னால் காத்திருந்தார். கடைசியில் என் பெயர் மட்டும் வந்தது. வீடு திரும்பியவர், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் எப்போது பதிவுக்கு அழைத்தாலும், "உன் குரலே போதும்டா" என்றார்.

சென்ற ஆண்டு கேம்ப் இடிக்கப்பட்டு, செல்வி நகரின் வடகோடியிலுள்ள நரேலாவுக்குப் போனார். அக்காவுக்கு அப்போதே மூச்சுத்திணறல்.

"இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூட வெட்ட மாட்டேன். வாங்கக்கா."

"ரிட்டையர் ஆனாத்தான் புத்தி வருமா உனக்கு?" என்றபடி டாக்ஸியில் ஏறினார். செல்வியிடம் அதே பழைய லீவு கேள்வியில் தொடங்கினார். நான் மைக்கை மட்டும் பிடித்திருந்தேன்.

அந்தப் பதிவை ஒலிபரப்ப யாரும் முன்வரவில்லை. அக்காவின் கட்டிலருகே போட்டுக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டார். மன்னித்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இனி கேட்கவும் முடியாது.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மகள்களுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், பஸ் மாறி மாறி வந்த கேம்ப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருமாதியன்று அவர்கள் முன்னால் அந்தப் பதிவைப் போட்டேன். கூடத்தில் அக்காவின் குரல் எழுந்தது.

"ஏன்டி செல்வி, இன்னிக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்தியா?"

பதிவிலிருந்த பதில் வருவதற்குள், கூட்டத்தின் நடுவிலிருந்து செல்வி சொன்னார்:

"சொல்லாமயே வந்துட்டேங்க்கா."