மூன்று நிமிடத்தில் எழுதிய மன்னிப்புக் கடிதம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் இல்லை. "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்... அவ்வளவுதான்.

இந்த வாரமும் இரண்டு முறை எழுந்துவிட்டேன். ஆனாலும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். உங்களை விட்டால் யார்?

இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. மூன்றாவது பீரியட். ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. என் மகள் ஜெர்லின் படிக்கும் பள்ளியிலிருந்து.

"மேடம், இன்னிக்கு ஸ்கூலுக்கு வர முடியுமா? ஜெர்லினோட மேத்ஸ் பேப்பர் விஷயமா பேசணும்."

புதிய வாசகர்களுக்காக இரண்டு வரி. நான் விழுப்புரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். மகள் படிப்பது திண்டிவனத்தைத் தாண்டி இருக்கும் ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலில், பத்தாம் வகுப்பு. ஐந்தாவது வரை என் பள்ளியில், தமிழ் மீடியத்தில், என் கண் முன்னால் படித்தவள். ஆறாவதுக்கு அங்கே நுழைவுத் தேர்வு எழுதி இடம் பிடித்தாள்.

பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து நாற்காலி புஷ்பா டீச்சர் சும்மா விடுவாரா?

"இன்னா டீச்சர்... தினம் ஒரு பேரண்ட்ட வரச் சொல்லிக்கினு இருப்ப. இப்ப உன்னையே வரச் சொல்ட்டாங்களா? நல்லா வேணும்!"

"பிரைஸ் கொடுக்கக் கூப்ட்டிருப்பாங்க."

"அப்ப வர்றப்ப ஸ்வீட் வாங்கிக்கினு வா. வெறுங்கையோட வந்த, உள்ள வுட மாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை அந்தச் சிரிப்பு இருந்தது.

பள்ளியில் கண்ணாடி அறை. ஏசி. எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். எதிரே தேர்வுகளைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டர் மேடம். வடக்கிலிருந்து வந்தவர், இங்கிலீஷில்தான் பேசுவார், நல்ல பெண்மணி. பக்கத்தில் ஜெர்லினின் கணக்கு ஆசிரியர் செல்வம் சார். இவர் செஞ்சிப் பக்கத்துக்காரர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளியில் தேர்வை லேப்டாப்பில் எழுதுவார்கள். வினாத்தாளை வெளிநாட்டில் இருக்கும் ஒரு போர்டு அனுப்பும். திருத்துவதும் அவர்கள்தான். எழுதும் பிள்ளைகளைக் கண்காணிப்பது லேப்டாப்பிலேயே இருக்கும் கேமராவும் மைக்கும் ஒரு சாஃப்ட்வேரும். யார் திரும்பினார்கள், யார் பேசினார்கள் என்று அது குறித்துக்கொண்டே இருக்கும்.

இதைக் கொண்டுவந்தபோது பெற்றோர் கூட்டத்தில் முதலில் கை தட்டியது யார் தெரியுமா? நான்தான்.

காரணம் இருக்கிறது. நான் பன்னிரண்டாவது படிக்கும்போது கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து வந்த வாத்தியார், இது என்ன உப்பு என்று கேட்பதற்கு முன் எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்னேன். உப்பையும் சரியாகத்தான் சொன்னேன். மார்க் வந்தது — தெருவுக்கு உண்டான மார்க்.

என் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது. முகம் பார்க்காத, பெயர் கேட்காத ஒன்று வேண்டும். கம்ப்யூட்டர் வந்தால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்று நம்பினேன். சரி, அது முகம் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தது.

கோஆர்டினேட்டர் மேடம் ஸ்க்ரீனைத் திருப்பினார். ரிப்போர்ட். சிவப்பு எழுத்து. 'தேர்வு நேரம் முழுவதும் மாணவி பேசியிருக்கிறார். மொழி: அடையாளம் காண முடியவில்லை. அருகில் வேறு நபர் இருக்க வாய்ப்பு உண்டு.'

அடையாளம் காண முடியாத மொழி! திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்.

வீடியோவைப் போட்டார்கள். ஜெர்லின் ரஃப் பேப்பரைப் பார்த்துக் குனிந்திருக்கிறாள். உதடு முணுமுணுவென்று அசைகிறது. சத்தம் கூட்டினால் மெல்லக் கேட்கிறது.

"மேடம், அது வாய்ப்பாடுங்க" என்றார் செல்வம் சார், என்னிடம் தமிழிலும் அவரிடம் இங்கிலீஷிலுமாக. "நல்லா கேளுங்க. பதிமூணேழு தொண்ணூத்தொண்ணு... கால்குலேட்டர் கிடையாது இந்தப் பேப்பருக்கு. அவ வாயால சொல்லித்தான் போடுவா. கிளாஸ்லயும் அப்டித்தான்."

எனக்குத் தெரியாதா? ஐந்து வருடம் அவளைத் தினம் கால் மணி நேரம் நிற்கவைத்து, "வாய் விட்டுச் சொல்லு, அப்பதான் மண்டையில நிக்கும்" என்று சொன்னவளே நான்தானே. அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் அவள் கணக்குப் போட்டால் உதடு அசையும்.

"நானும் நம்புகிறேன்" என்றார் கோஆர்டினேட்டர் மேடம். "ஆனால் நான் நம்புகிறேனா இல்லையா என்று குறிக்க இந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. முடிவு போர்டுடையது. ஜெர்லின் தன் விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள். நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதிக் கொடுக்கலாம். சேர்த்து அனுப்புகிறோம்."

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு இது தெரியும். ஸ்கூலில் கூப்பிட்டார்கள் என்றால் என்ன செய்வோம்? மன்னிப்புக் கடிதம் எழுதுவோம். என்ன தவறு, செய்தது யார், உண்மையிலேயே செய்தானா... அதெல்லாம் பிறகு. 'என் மகன் அறியாமல் செய்த தவறை மன்னித்து, இந்த ஒரு முறை வகுப்பில் அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி இவ்வாறு நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து. ஹெச்.எம். வாங்கி மேஜைக்குள் போடுவார். "சரி, கிளாஸுக்குப் போ." முடிந்தது. யாரும் அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று நினைப்பதில்லை. அது ஒரு வணக்கம் மாதிரி. பெரிய இடத்தில் குனிந்துவிட்டு வருவது.

நானும் குனிந்தேன். இங்கிலீஷில் குனிந்தேன். வரிக்கு வரி அதே கடிதம்தான். மகள் அறியாமல் செய்த தவறு... மன்னிக்க வேண்டும்... இனி நடக்காது. மூன்று நிமிடம் ஆகியிருக்காது. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினேன்.

கோஆர்டினேட்டர் மேடம் படித்தார். ஒரு விநாடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "உறுதியாக இதைத்தான் அனுப்ப வேண்டுமா?" என்று கேட்டார். "ஆமாம் மேடம், ப்ளீஸ்" என்றேன். ஸ்கேன் செய்தார். அனுப்பினார்.

அப்போது மகள் எழுதிய விளக்கத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. மகளையே கூப்பிடுங்கள் என்றும் கேட்கவில்லை.

கேட் வரைக்கும் செல்வம் சார் கூடவே வந்தார். "என்னா மேடம் எழுதுனீங்க?" சொன்னேன். அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ... நீங்களே ஒத்துக்கிட்டீங்களே மேடம்! அவ ரெண்டு பக்கம் எழுதியிருக்கா. எப்டி வாய்ப்பாடு படிச்சேன், எந்தக் கணக்குக்கு எதைச் சொன்னேன்னு நிமிஷத்தோட எழுதியிருக்கா. வேணும்னா வந்து கேமரா முன்னாடி போட்டுக் காட்டறேன்னு எழுதியிருக்கா."

திரும்பி ஓடினேன். அனுப்பியது அனுப்பியதுதான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை போர்டிலிருந்து மெயில். மரியாதையான மெயில். 'பெற்றோர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளதால் மேற்கொண்டு விசாரணை தேவைப்படவில்லை.' கணக்குப் பேப்பர் ரத்து. ஒப்புக்கொண்டதால் மேல்முறையீடும் கிடையாது. அடுத்த தவணையில் மறுபடி எழுதலாம். அதற்கு மட்டும் ஒரு வழி விட்டிருந்தார்கள்: மாணவியும் பெற்றோரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். 'தேர்வு விதியை மீறியதை ஏற்கிறேன். இனி மீற மாட்டேன்.' செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள். இல்லையென்றால் கணக்கில் மார்க் இல்லை. மார்க் இல்லையென்றால் பதினொன்றாவதில் கணக்குப் பாடம் இல்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு உயிர் என்று ஒன்று இருந்தால் அது கணக்குதான்.

அன்று சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. அவளுக்கும் மெயில் போயிருந்தது. என் கடிதத்தையும் அதோடு இணைத்திருந்தார்கள்.

"படிச்சேம்மா."

"ஜெர்லின், அம்மா உன் நல்லதுக்குத்தான்..."

"தவறு தவறுன்னு மூணு வாட்டி எழுதியிருக்க. இன்னா தவறுன்னு ஒரு வரிகூட இல்ல." அழவில்லை அவள். அழுதிருந்தால் தேவலை. "நான் பண்ணலன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்டி."

"தெரிஞ்சுக்கினேவா எழுதுன?"

பதில் இருக்கிறதா இதற்கு? உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அவள் அப்பா ரயில்வேயில் இருக்கிறார். டியூட்டி முடிந்து வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு கையெழுத்துதானேடா... போட்டுட்டுப் போவியா, இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு இருக்க" என்றார்.

"மீறினேன்னு ஏத்துக்கணுமாம்ப்பா. நான் மீறலயே."

"நீ மீறலன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அந்த மெஷினுக்குத்தான் தெரியல. மெஷின்கிட்ட இன்னா ரோஷம் உனக்கு?"

"மெஷின்கிட்ட ரோஷம் இல்லப்பா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். யாரிடம் ரோஷம் என்று நாங்கள் கேட்கவில்லை.

சனிக்கிழமை போர்டுக்கு நானே ஒரு மெயில் போட்டேன். அது எங்கள் ஊர் வழக்கம், ஒப்புதல் அல்ல, என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், மகளின் விளக்கத்தைத் தயவுசெய்து படியுங்கள் என்று. அந்த நிமிடமே பதில் வந்தது. பதில் சொன்னதும் மெஷின்தான். 'சமர்ப்பித்த வாக்குமூலங்களை மாற்ற இயலாது.'

திங்கட்கிழமை என் பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக என் மேஜை டிராயரைத் திறந்தேன். இந்த வருடம் நான் வாங்கிவைத்த மன்னிப்புக் கடிதங்கள். ஒரு கட்டு. போன வருடக் கட்டு அதற்கு அடியில்.

மேலே இருந்தது முகையூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுடையது. எட்டாவது. பரீட்சையில் அவள் விடையும் பக்கத்துப் பெண் விடையும் ஒரே மாதிரி இருந்தன. அப்பாவை வரச் சொன்னேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலையை அன்றைக்கு விட்டுவிட்டு வந்தார். கையெல்லாம் செம்மண். "எனுக்கு எழுத வராதுங்க டீச்சர். நீங்களே எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். எழுதினேன். நானே எழுதினேன். 'என் மகள் அறியாமல் செய்த தவறை...'

யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று விசாரித்தேனா? இல்லை. அந்தப் பெண் ஏதாவது சொல்ல வந்தாளா? வந்தாள் போலத்தான் இருக்கிறது. "சரி சரி, போ கிளாஸுக்கு" என்றிருப்பேன்.

திண்டிவனத்தில் சாஃப்ட்வேர் செய்ததை நான் இங்கே கரண்ட் செலவில்லாமல் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். நியாயத்தைக் கெடுக்க மெஷின்தான் வர வேண்டுமா, சொல்லுங்கள்? விசாரிக்க நேரமில்லாதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறோம். மெஷின் கொஞ்சம் வேகம்.

புஷ்பா டீச்சர் எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்வீட் பற்றி வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவ் போட்டேன். ஜெர்லினும் போகவில்லை. நாலரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்து அந்த உறுதிமொழியை எடுத்துவைத்தாள். மாணவி கையெழுத்துக்கு ஒரு கட்டம். அதன் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். இரண்டும் நிரம்பினால்தான் போகும்.

"நீ சொல்லும்மா" என்றாள். "நீ போடுன்னா போட்டுடறேன்."

நிஜமாகத்தான் கேட்டாள். கோபம் இல்லை. நான் 'போடு' என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். கணக்குப் பாடம் கிடைத்திருக்கும். ஒரு வார்த்தைதான்.

'போடு' என்றால் அவள் திருடி என்று இரண்டாவது தடவையும் நானே சொன்ன மாதிரி. 'போடாதே' என்று சொல்லவோ... அவளுடைய ஐந்து வருடப் படிப்பை வைத்துக்கொண்டு ரோஷம் காட்ட நான் யார்?

நான் பேசாமலே இருந்தேன். அவளும் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இருபத்திரண்டு வருட டீச்சர் வேலையில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள் நான். போடாமல் விட்டது இது ஒன்றுதான் — என் பெண்ணுக்குக் கணக்குப் பாடம் போய்விட்டது.