போயிட்டு வாரேன் என்று சொன்ன பேய்

கம்பம் வாழை மண்டியின் ஏலக்காரரும், ‘சருகன்’ படங்களில் பேயாக நடித்தவருமான சவரிமுத்து அவர்கள், சென்ற செவ்வாய்க்கிழமை காலை ராயப்பன்பட்டியில் தமது வீட்டில் காலமானார். வயது அறுபத்தேழு. தகவலை உறுதி செய்தவர் அவருடைய மகள் ஸ்டெல்லா.

உறுதி செய்தவர் யார் என்று எடுத்த எடுப்பிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. சவரிமுத்து இதற்கு முன்பும் ஒருமுறை இறந்திருக்கிறார். ‘சருகன்’ இரண்டாம் பாகம் வந்தபோது, அதை விளம்பரம் செய்ய வேறு வழி தெரியாமல், அவர் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துக் கம்பத்திலிருந்து தேனி வரை ஒட்டினார்கள். கீழே சிறிய எழுத்தில் படத்தின் பெயர் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. மறுநாள் காலை வியாபாரிகள் மாலையோடு மண்டிக்கு வந்துவிட்டார்கள். ஏல மேடையில் நின்றுகொண்டிருந்தவர் அவர்களைப் பார்த்து, “வந்தது வந்தீக, மாலைய இப்பிடிக் குடுத்துட்டு ஏலத்துல நில்லுங்க. செவ்வாழை நல்லா வந்திருக்கு” என்றார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை கம்பம் பேருந்து நிலையச் சுவரில் அதே முகத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். “நாலாம் பாகம் வந்திருச்சுப்பா” என்று தேநீர்க் கடைக்காரர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். நான் ஸ்டெல்லாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“நெசந்தான் அண்ணே. காப்பி குடிச்சு முடிச்சாக, தம்ளரக் கீழ வச்சாக, அம்புட்டுத்தான்” என்றார். பிறகு, “நீங்களாச்சும் நெசமான்னு கேட்டீக. மத்தவக எல்லாம் படம் எப்பன்னு கேக்குறாக” என்றார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பத்து மண்டியில் வாழைத்தார் ஏலம் விடுபவருக்குக் குரல்தான் மூலதனம். சவரிமுத்துவின் குரல் சாலைக்கு அந்தப் பக்கம் ஜீப்புக்குக் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும். அந்தக் குரலில் அவர் யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. கேரள வியாபாரிகள் ‘சேட்டா’. உள்ளூர் வியாபாரிகள் ‘ஐயா’. மண்டிக்குள் நுழைந்து தாரில் வாய் வைக்கும் மாட்டைக்கூட, “நகருங்க, கொஞ்சம் நகருங்க” என்றுதான் விரட்டுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“ஏலத்துல எவுக எம்புட்டுக்குக் கேப்பாகன்னு மூஞ்சியில எழுதியா இருக்கு? எல்லாருக்கும் மரியாதையப் போட்டு வச்சுட்டா, ஆளு பாத்துப் பேசுற வேலை மிச்சம்” என்றார்.

இந்தக் குரலைக் கேட்டுத்தான் தாமரைச்செல்வி அவரைத் தேடி வந்தார். தாமரைச்செல்வி கம்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நிலையம் நடத்துபவர். பத்து முகூர்த்தத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு ஒரு பேய்ப்படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சிரிப்புப் படம் அல்ல. பார்ப்பவர் நெஞ்சு உறைய வேண்டிய படம். எஸ்டேட் முதலாளி ஒருவரால் கொல்லப்பட்ட தோட்டக் காவலாளி, காய்ந்த வாழைச் சருகுக்குள் புகுந்து வந்து பழி வாங்குவதுதான் கதை. சருகு மண்டியில் சும்மா கிடைத்தது. தலை முதல் கால் வரை அதைத் தொங்கவிட்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டால் பேய் தயார்.

முதலாளி வேடத்துக்கு ஆண்டிபட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் மிக்கேல் அவர்களைச் சவரிமுத்துவே பரிந்துரைத்தார். நல்ல மீசை, நல்ல உயரம். அதோடு அவர் ஸ்டெல்லாவின் மாமனார். பட வரலாறு திரும்பிய இடம் இதுதான். அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

படப்பிடிப்பு அன்று நானும் தோட்டத்தில் இருந்தேன். பேய் முதலாளியின் கழுத்தைப் பிடித்து, “டேய், என் உயிரை எடுத்தவனே, உன்னை விடமாட்டேன்டா” என்று அலற வேண்டும். சருகு சலசலக்கச் சவரிமுத்து பாய்ந்து வந்தார். சம்பந்தியின் கழுத்தில் கை வைத்தார்.

“என் உசுர எடுத்துட்டீக. இனிமே உங்கள விடமாட்டேன். தப்பா நினைச்சுக்கிறாதீக.”

உயிர் பயத்தில் நடுங்க வேண்டிய மிக்கேல், “அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்மந்தி, நல்லாப் பிடிங்க” என்றார்.

தாமரைச்செல்வி கேமராவை நிறுத்தினார். “அண்ணே, நீங்க பேய். அவரு ஒங்களக் கொன்னவரு. வாடா போடான்னு சொல்லணும்.”

“சொல்லலாம் தாயி. ஆனா புள்ள அங்கன வாழுதுல்ல?”

எத்தனை முறை எடுத்தும் இதேதான் நடந்தது. டேய் என்பதற்கு வாயைத் திறப்பார். சம்பந்தியின் முகத்தைப் பார்த்ததும் ஐயா என்று வரும். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தாமரைச்செல்வி வரப்பில் உட்கார்ந்து அழுதேவிட்டார். பேய் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “அழுகாதீக ஆத்தா. காப்பித்தண்ணி குடிக்கிறீகளா?” என்று கேட்டது. கிடைத்ததை வைத்துப் படத்தை முடித்தார்கள்.

கடைசிக் காட்சியில் சருகுக்குத் தீ வைக்கிறார்கள். பேய் “போறேன், நான் போறேன்” என்று கதறி மறைய வேண்டும். காட்சியை எடுத்துவிட்டு, குரலை மதுரையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தார்கள். நம் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் போறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் வீட்டிலிருப்பவர்கள் வாயிலேயே அடிப்பார்கள். சவரிமுத்துவுக்கும் பழக்கத்தில், “போயிட்டு வாரேன்” என்றே வந்தது. அலறலோடு அலறலாக யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது பார்வையாளர்கள். கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். முதல் ‘தப்பா நினைச்சுக்கிறாதீக’வுக்கே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. தாமரைச்செல்வி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கடைசியில் தீ எரிந்தது. பேய், “போயிட்டு வாரேன்” என்றது. பிறகு நடுவரிசையிலிருந்து ஓர் அம்மாள், தம் வீட்டு வாசலில் நிற்பதுபோல, “சரி, பாத்துப் போயிட்டு வாங்க” என்றார்.

மண்டபமே அதைத் திருப்பிச் சொன்னது. வெளியே வந்தவர்கள் இயக்குநரைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “எப்ப வருவாக?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வராமல் இருப்பது முறையா? இரண்டாம் பாகம் இப்படித்தான் பிறந்தது. இம்முறை சிரிப்புப் படம் என்று தெரிந்தே எடுத்தார்கள்.

அதில் சருகனுக்கு எதிரி, வாழையைத் துளைக்கும் கூன்வண்டு. ஆட்டோவின் பழைய கூரைத்துணியில் உடம்பு, குழாயில் மூக்கு, உள்ளே இரண்டு பேர். முன்னால் இருப்பவர் கிழக்கே நடக்க, பின்னால் இருப்பவர் மேற்கே நடந்தார். வண்டு நடுவில் நீண்டுகொண்டே போனது. சருகன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஒரே ஆளா வந்தீகளா, குடும்பத்தோட வந்தீகளா?” என்று விசாரித்தார். அது வசனத்தில் இல்லாதது. அதே பாகத்தில் கேரளத்துக் குடும்பம் ஒன்றின் ஜீப்பை மறிக்கிற பேய், பயப்படாதீர்கள் என்று மலையாளத்தில் ஆறுதல் சொல்லும். “பேடிக்கண்டா சேட்டா, சும்மாதான் நிக்கிறேன்.” வாழைக்கு வரும் சேட்டன்மார்கள் அதன்பிறகு மண்டியில் அவரைப் பார்த்தால் ‘பேடிக்கண்டா’ என்றுதான் வணக்கம் சொன்னார்கள்.

மூன்றாம் பாகத்தில் திராட்சைப் பூதம் வந்தது. “வெளிநாட்டுப் படத்துல பூதம் வந்தா ஊரையே இடிக்கும். நமக்கு இடிக்கிறதுக்குக் காய்ப்பு முடிஞ்ச பந்தல் ஒண்ணுதான் குடுத்திருக்காக” என்றார் தாமரைச்செல்வி. டிராக்டர் டியூப்களைச் சேர்த்துக் கட்டி, கறுப்புத் துணி சுற்றி, காம்புக்கு மூங்கில் செருகி, பொட்டிப்புரம் பக்கம் ஒரு மேட்டில் நிறுத்தினார்கள். அங்கே மலைக்கடியில் ஆய்வுக்கூடம் வரப்போவதாக நெடுநாள் பேச்சு உண்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அந்தக் கறுப்பு உருண்டையை நீண்ட நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதத்தான் மலைக்குள்ள வைக்கப் போறீகளா?”

“இல்லீங்கய்யா, இது திராட்சை” என்றார் சருகுக்குள்ளிருந்து சவரிமுத்து.

பெரியவர் பேயைக் கண்டு பயப்படவில்லை. “விதை உண்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். காட்சியின் நடுவே டியூப் முள்ளில் பட்டு, பூதம் நெடிய பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. சருகன் அதன் தோளில் கை போட்டு, “என்ன கஷ்டமோ, மனசு விட்டுச் சொல்லுங்க” என்றார். அதையும் படத்தில் வைத்தார்கள். மூன்றாம் பாகத்தில் அதிகம் சிரிக்கப்பட்ட இடம் அதுதான்.

நான்காம் பாகம் தொடங்குமுன் அவருக்கு இருமல் வந்தது. சருகுத் தூசு நெஞ்சுக்கு ஆகாது, இனி அந்த வேடம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சவரிமுத்து கேட்கவில்லை, இன்னும் ஒன்றே ஒன்று என்றார். தாமரைச்செல்வி ஒரு நிபந்தனை போட்டார். இதுதான் கடைசிப் பாகம். முடிவில் சருகன் “போறேன்” என்று சொல்ல வேண்டும். திரும்பி வருவதாகச் சொன்னால் ஊர் ஐந்தாம் பாகம் கேட்கும். ஊர் கேட்டால் இவர் மறுபடி சருகைக் கட்டிக்கொள்வார். சவரிமுத்துவை அந்தத் தூசியிலிருந்து வெளியே கொண்டுவரத் தாமரைச்செல்விக்குத் தெரிந்த ஒரே வழி அந்தச் சொல்.

படப்பிடிப்பு முடிந்தது. மதுரையில் ஒலிப்பதிவும் அந்த ஒரு சொல் நீங்கலாக முடிந்தது. ஒலிவாங்கியின் முன் நின்று வாயைத் திறப்பார், இருமுவார், தண்ணீர் கேட்பார்.

“ஒரே ஒரு சொல்லு அண்ணே” என்று தாமரைச்செல்வி கெஞ்சினார்.

“வாயில வரல தாயி. வேற என்ன வேணாலும் சொல்லுங்க. சம்மந்திய வேணாலும் டேய்ங்கிறேன்.”

“நெசமாவா?”

“அவுக ஊர்ல இல்லாதப்ப.”

கடைசியில், அதை மட்டும் இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த இன்னொரு நாள் வருமுன் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

துக்க வீட்டில் தாமரைச்செல்வி வேப்பமரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒலிப்பதிவுக் கூடத்தார் அவரிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். பழைய பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரே சவரிமுத்துவின் குரலைச் செய்து தருமாம். அவர் சொல்லாத சொல்லையும் அது சொல்லுமாம். தாமரைச்செல்வி தயங்கித் தயங்கி அதை ஸ்டெல்லாவிடம் சொன்னார்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. “அக்கா, எங்கப்பா உசுரோட இருந்தப்ப வராத சொல்லு, செத்த பெறகு அவுக வாயில வரணுமா? படம் நிக்கக் கூடாதுதான். ஆனா அத மட்டும் செஞ்சிறாதீக” என்றார். சவரிமுத்து கடைசியாக நடித்த படம் வெளியே வருமா, வராதா என்பது அந்த மரத்தடியில் அப்படியே நின்றது.

மாலையில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். மண்டி அன்று மூடியிருந்தது. சுமை தூக்குபவர்களிலிருந்து வியாபாரிகள் வரை எல்லோரும் வந்திருந்தார்கள். பங்குச் சாமியார் உயிர்த்தெழுதலைப் பற்றிய ஜெபத்தைச் சொல்லி முடித்தார். உறவினர்கள் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். மிக்கேல் முறை வந்தது. மண்ணைப் போட்டார், நகரவில்லை. குழியைப் பார்த்து, நான்கு பாகங்களிலும் முதலாளியாக நடித்தும் நடிப்புக்குப் பழகாத அந்தக் குரலில், சத்தமாகச் சொன்னார்:

“சம்மந்தி, போயிட்டு வாங்க.”

எல்லோரும் திடுக்கிட்டார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போதே யாரும் போய்வருவதாகச் சொல்வதில்லை; பேசாமல் எழுந்து வந்துவிடுவதுதான் வழக்கம். கல்லறையில் அந்தப் பேச்சே கூடாது. உறவில் மூத்தவர் ஒருவர், “ஏலே மிக்கேலு, எந்த எடத்துல வந்து என்ன சொல்ற?” என்று அதட்டினார்.

மிக்கேல் திரும்பினார். “ஏன்? மறுபடி எந்திரிச்சு வருவாகன்னு சாமியார் இப்பத்தான சொன்னாக. அவுக சொன்னா ஜெபம், நான் சொன்னா தப்பா?”

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கியதைப் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தோம். அப்போது பின்னாலிருந்து ஒரு சுமைக்காரர், “பாத்துப் போயிட்டு வாங்க அண்ணே” என்றார். அடுத்து இன்னொருவர். பிறகு மண்டபத்தில் நடந்ததுபோலவே கூட்டம் முழுவதும். முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் ஸ்டெல்லா. சிரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்து வாசலில் தாமரைச்செல்வி என்னை நிறுத்தினார். “படம் முடிஞ்சிருச்சு அண்ணே” என்றார்.

“எப்படி?”

“பேய் எதுக்குப் பேசணும்? அது பேசாமப் போகட்டும். அனுப்பி வைக்கிறவகதான சொல்லணும்.”

ஸ்டெல்லா சம்மதித்துவிட்டதாக நேற்று இருவருமே என்னிடம் தெரிவித்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தாரிடம் கம்ப்யூட்டர் குரல் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. சருகன் தீயில் ஒன்றும் சொல்லாமல் மறைவார். முதலாளி வேடத்திலிருக்கும் மிக்கேல் அவரைப் பார்த்து, கல்லறையில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்வார். அவர் குரலை வரும் சனிக்கிழமை மதுரையில் பதிவு செய்கிறார்கள். அதற்குள் அழாமல் சொல்லப் பழக வேண்டும் என்று ஆண்டிபட்டியில் தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதாகத் தகவல்.

நானும் துக்க வீட்டிலிருந்து வழக்கப்படி சொல்லாமல்தான் கிளம்பி வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல இடம் இருக்கிறது. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், முதல் பாகம் ஓடிய அதே மண்டபத்தில் நான்காம் பாகத்தைத் திரையிடுகிறார்கள். நாள் இன்னும் முடிவாகவில்லை. ஜெபத்தன்று அறிவிப்பதாக இயக்குநர் கூறியிருக்கிறார். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் அந்தச் சருகு உடையை மடித்து வைப்பார்கள். கடைசிக் காட்சியில் மிக்கேல் சொன்னதும் மண்டபம் திருப்பிச் சொல்லும் என்பதில் ஐயமில்லை. எப்ப வருவாக என்று யாராவது கேட்பார்களா என்பது மட்டும் அன்றுதான் தெரியும்.