ஆந்தையை அலறவிட்ட தலைவருக்கு

தலைவரே, நீங்கள் ஒரு ஏமாற்றுக்காரர். செப்டம்பர் பிறந்ததும் நம் பறவைக் கழகம் ஸ்கார்பரோ ஏரிக்கரைக்குப் போனது. தெற்கே பறக்கும் வழியில் இரை தேடிக்கொண்டிருந்த குருவிகளை வெளியே வரவைக்க, நீங்கள் கைபேசியில் ஆந்தையை அலறவிட்டீர்கள். அவை எதிரியை விரட்டப் பாய்ந்து வந்தன. எல்லோரும் படம் எடுத்தோம்.

அந்த அலறலில் எனக்கு என்னைப் பெற்ற ஐயாவின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் கூண்டில் வளர்த்த கௌதாரிக்குப் புற்றுமண் மணக்கும் விரலால் கறையான் ஊட்டி, பற்றைப் புதருக்குள் வைத்துக் கூவவிடுவார். சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரி கண்ணியில் விழும்.

“பாவமெல்லோ, ஐயா?”

“பாவந்தான். கறி வேண்டாமெண்டால் இப்பவே சொல்லு.”

அன்று நானும் கறிக்குத் தட்டை நீட்டினேன்.

ஐயா தன்னைப் பறவைக் காவலர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீங்களோ அதைத் தொப்பியிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். கழகப் பதிவில் ‘குருவிகள் தாமாக வந்தன’ என்றும் எழுதிவிட்டீர்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் எழுந்து சொல்லுங்கள்: அவற்றைக் கூப்பிட்டது யார்?