அம்மா கை நனைத்த ஊர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று திருச்சுழிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அம்மாவிடம் கேட்க ஒரு கேள்வி நெடுநாளாக இருந்தது எனக்குத் தெரியும். மெட்ராஸில் கூடப் பிறந்த அண்ணன் கடையும் வீடுமாகக் கூப்பிட்டபோது, அதை விட்டுவிட்டு மொழி தெரியாத பம்பாய்க்கு ஏன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார் என்பதுதான் அது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார்: “அங்க கை நனைச்சுட்டேன்.” பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் திமிர் என்றார்கள். மூத்த மகளாகிய நான் அந்தப் பயணத்தில் கூடவே இருந்தவள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அம்மா பந்தல்குடிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவர். தாத்தா தூத்துக்குடி ரோட்டில் லாரிக்காரர்களை நம்பி ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு விவரம் தெரிகிற வயதுக்கு முன்பே பாட்டி இறந்துபோனார். அதன்பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, சோறு பிசைந்து கொடுத்தது, அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது எல்லாம் அண்ணன்தான், எங்கள் மாமா. எட்டாம் வகுப்போடு அம்மாவின் படிப்பை நிறுத்தியவரும் அதே மாமாதான். இரண்டையும் அவர் பாசத்தோடுதான் செய்தார். அம்மாவும் இரண்டையும் மறக்கவில்லை.

பிறகு திருச்சுழியில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பா வத்தல் மிளகாய்க்கும் கொத்தமல்லிக்கும் கமிஷன் கடை வைத்திருந்தார். சம்சாரிகள், அதாவது விவசாயிகள், கொண்டுவரும் வத்தலை வாங்கி வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பும் தொழில். அப்பாவுக்கு வத்தலைக் கையில் அள்ளிப் பார்த்தாலே தரம் தெரியும். மனிதர்களிடம் ‘முடியாது’ என்று சொல்ல மட்டும் தெரியாது. அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். இருவரும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்.

எண்பதுகளில் மழை தொடர்ந்து பொய்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். வத்தலே வராத ஊரில் வத்தல் கடைக்கு என்ன வேலை? அப்பா கடையை இழுத்து மூடினார். செய்தி கேட்டு இரண்டு பக்கமிருந்தும் அழைப்பு வந்தது. பம்பாயில் தமிழர்களுக்கான மளிகைக்கடை வைத்திருந்த பெரியப்பா, தன் கடையில் அப்பாவைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். மெட்ராஸில் இருந்த மாமா, தன் கடைக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு கடை பிடித்துத் தருவதாகச் சொன்னார். யாருக்கு இல்லை என்றாலும் பொல்லாப்பு. அப்பா வழக்கம்போல இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

“ரெண்டு ஊரையும் நான் பாத்துட்டு வாரேன்,” என்றார் அம்மா. இது என்ன புதுப் பழக்கம் என்றார்கள் சொந்தக்காரர்கள். வியாபாரக் குடும்பங்களில் ஆண்கள் ஊர் பார்த்துக் கடை போடுவார்கள், வருடங்கள் கழித்துப் பெண்கள் பெட்டியோடு போய் இறங்குவார்கள். அதுதான் வழக்கம். அம்மா சொன்ன நியாயம் எளிமையானது. ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்க்கிறோமே, குடும்பத்தையே கட்டிக் கொடுக்கும் முன் ஊரைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

அந்த நியாயத்தோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்தே வந்தது. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், முடிவு ஆகும்வரை கை நனைப்பதில்லை. தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அம்மா இதை இரண்டு நகரங்களுக்கும் அப்படியே பொருத்திவிட்டார். முடிவு சொல்லும்வரை இரண்டு ஊரிலும் உறவு வீட்டில் கை நனைக்கப் போவதில்லை என்றார். ஒரு வேளைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டால் பிறகு வாய் திறந்து மறுக்க முடியாது என்பது அவர் கணக்கு. முடிவெடுக்கப் போகிறவர் மட்டும் நனைக்காமல் இருந்தால் போதும் என்று அப்பாவுக்கும் எனக்கும் சலுகை கொடுத்தார். அப்பா இந்தச் சலுகையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு முதலில் மெட்ராஸுக்குப் போனோம். மாமாவும் அத்தையும் எங்களைத் தாங்கினார்கள். எங்கு திரும்பினாலும் தமிழ், கூப்பிடு தூரத்தில் கோயில், பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் சண்டை போடவும் நம் பாஷையே போதும். தண்ணீர்தான் லாரியில் வந்தது, அது திருச்சுழிக்காரர்களுக்கு ஒரு குறையா? வீடு பார்க்கப் போன இடத்தில் வீட்டுக்காரர்கள் வாடகையைச் சொல்லும் முன் நாங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டார்கள். அம்மா அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை என்னை ‘மருமகளே’ என்று கூப்பிட ஆரம்பித்ததைத்தான் கவனித்தார். மாமா மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. நான் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக் கனவில் இருந்தேன். படித்தது போதும், இங்கே வந்ததும் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று மாமா பந்தியில் வைத்தே சொல்லிவிட்டார். அந்தப் பந்தியில் அம்மா உட்காரவில்லை. கொண்டுபோன புளிச்சோற்றை வராந்தாவில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அத்தைக்கு அன்று வந்த கோபம் நியாயமானது.

அடுத்து இரண்டு நாள் ரயிலில் பம்பாய். பெரியப்பா குடும்பம் ஒரு மாடிக் கட்டடத்தில் ஒற்றை அறையில் இருந்தது. வரிசையாக அறைகள், எல்லோருக்கும் பொதுவாகக் கீழே ஒரு குழாய். அம்மா மெட்ராஸில் எதைப் பார்த்தாரோ அதில் ஒன்றுகூட இங்கே இல்லை. பேச ஆள் இல்லை, நடக்க இடம் இல்லை, நின்று பார்த்தால் பின்னால் வருகிறவர் இடித்துக்கொண்டு போனார். ஆனால் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிய அன்று அம்மா கண்டது வேறு. வேலை முடிந்து திரும்புகிற பெண்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு, ராத்திரி சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி பட்டாணி உரிக்கிறாள், ஒருத்தி கீரை ஆய்கிறாள். அவரவர் நிறுத்தம் வந்ததும் பையை மூடிக்கொண்டு தனியாக இறங்கிப் போனார்கள். அம்மா இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

புளிச்சோறு ரயிலிலேயே தீர்ந்துவிட்டது. பெரியம்மா எவ்வளவோ கெஞ்சியும் அம்மா வாழைப்பழத்திலும் டீயிலும் நாளை ஓட்டினார். எங்க வீட்டுச் சோறு என்ன நஞ்சா என்று பெரியம்மா ஒரு மூச்சு அழுதும் பார்த்தார். கடைசியில் ஒரு விடியற்காலையில், குழாயடி வரிசையில் குடத்தோடு நின்ற அம்மா கண் இருட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற பெண் மராத்திக்காரர், அடுத்த அறையில் இருந்தவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவருக்குத் தமிழ் தெரியாது, சம்பந்தமும் தெரியாது, கை நனைப்பதும் தெரியாது. அம்மாவைத் தோளில் சாய்த்துத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். ஸ்டவ்வில் சுட்டு வைத்திருந்த ரொட்டியை எடுத்துப் பூண்டுச் சட்னியை வைத்து அம்மாவின் கையில் திணித்தார். கையைக் காட்டிச் சாப்பிடச் சொன்னார்.

அது கம்பு ரொட்டி. கரிசல் காட்டில் கம்பங்கஞ்சி குடித்து வளர்ந்தவர் அம்மா. மணம் மூக்கில் ஏறியபோதே பாதி ரொட்டி உள்ளே போய்விட்டது என்று பின்னாளில் சொல்வார். நான் தேடிக்கொண்டு போனபோது கையில் மீதியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். “ஐயையோ, கை நனைச்சுட்டேனே,” என்றார். பிறகு மீதியையும் சாப்பிட்டார்.

நாங்கள் ஊர் திரும்பிய சில நாட்களில் மாமா மெட்ராஸிலிருந்து மதுரை வந்து, பஸ் மாறி மாறித் திருச்சுழிக்கு வந்து சேர்ந்தார். கையில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் இருந்தது.

“கடைச் சாவி வாங்கியாச்சு மாப்ளே,” என்று அப்பாவிடம் சொன்னார். “ஆவணியில பால் காச்சிருவோம். அப்படியே பிள்ளைகளுக்கும் பேசி முடிச்சிருவோம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“அண்ணே, நான் ஒங்க வீட்ல கை நனைக்கல,” என்றார் அம்மா.

“அதான் தெரியுமே. இப்ப வந்து நனை.”

“பம்பாயில நனைச்சுட்டேன்.”

“யாரு வீட்ல? மாப்ள அண்ணன் வீட்லயா?”

“இல்லண்ணே. பேரு தெரியாத ஒருத்தி வீட்ல.”

மாமா கையிலிருந்த வெற்றிலை பாக்கைக் கீழே வைத்தார். பிறகு தன் வலது கையை நீட்டிக் காட்டினார். “இது ஒனக்குச் சோறு பிசைஞ்சு குடுத்த கை தாயி. இதவிட அது பெருசாப் போச்சா?”

அம்மா அழுதுவிட்டார். ஆனால் பதிலை மாற்றவில்லை. மாமா காபியைத் தொடாமல் எழுந்தார். பஸ் நிறுத்தம்வரை அம்மா பின்னாலேயே நடந்து போனார். பஸ் கிளம்பும்வரை மாமா அம்மா முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம், மாமாவிடம் சொன்னது உண்மையான காரணமா, சாக்கா என்று கேட்டேன். அம்மா இரண்டும்தான் என்றார். “மெட்ராஸுக்குப் போயிட்டா எங்கண்ணன் பேச்ச என்னால தட்ட முடியாது. என்னைய வளத்தவுக. அதான் தட்ட வேண்டிய எடத்துக்கே போக வேண்டாம்னு நெனச்சேன். அந்த ரயில்ல பொம்பளைக போறாகள்ல, அப்பிடி நீயும் ஒரு நா போகணும்.”

ஆக, இரண்டு ஊர்களையும் அம்மா தனக்காக எடை போடவில்லை, எனக்காகப் போட்டார். விலையையும் அவரே கொடுத்தார். பம்பாய்க்குப் போன பிறகு பல வருடங்கள் மாமா அம்மாவிடம் பேசவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் சீர் வராத வாசலை அம்மா பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். 

பம்பாயை அம்மா முழுதாக ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. முதல் மழைக்காலத்தில் குடம், அண்டா, வாளி, தூக்குச்சட்டி என்று வீட்டிலுள்ள அத்தனையையும் தாழ்வாரத்தில் வைத்து மழைத்தண்ணீர் பிடித்துவிட்டார். கட்டடமே கூடிச் சிரித்தது. மழை ஒரு வாரம் விடாமல் பெய்ததும் வானத்தைப் பார்த்து, போகிற வழியில் திருச்சுழியில் கொஞ்சம் பெய்துவிட்டுப் போனால் என்ன கேடு என்று திட்டினார். குழாயடியில் நின்றே மராத்தி கற்றார். பெரியப்பா கடையில் அப்பா வத்தல் பார்க்க, அம்மா கல்லாவில் உட்கார்ந்தார். நம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து இறங்கிய எத்தனையோ பேர் முதல் சாப்பாட்டை எங்கள் அறையில்தான் சாப்பிட்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்கும் அந்த ருசி தெரியும். யாரையும் ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டதில்லை, கை கழுவச் சொல்லுவார்.

நான் கல்லூரி முடித்து ஒரு அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள், கைப்பையில் பீன்ஸும் ஒரு சின்னக் கத்தியும் வைத்து அனுப்பினார். ரயிலில் நிற்கவே இடமில்லை. பீன்ஸ் போனபடியே திரும்பி வந்ததில் அம்மாவுக்கு என்மேல் மிகுந்த வருத்தம். மறுவாரம் உட்கார இடம் கிடைத்து நறுக்கிக்கொண்டு வந்ததைக் கட்டடம் முழுக்கக் காட்டினார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பம்பாயில் கலவரம் நடந்தபோது கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மாமா. பல வருடங்களுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை, “சாப்ட்டியா தாயி?” என்பதுதான். அதன்பிறகு என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு திருச்சுழிக்கு வந்தார். பம்பாய்க்கு மட்டும் வரவே இல்லை. அந்த ஊரில் எனக்குச் சோறு இறங்காது என்று சொல்லிவிடுவார். அம்மாவும் வற்புறுத்தவில்லை.

சென்ற ஆண்டு அம்மா நோய்ப்பட்டார். படுக்கையில் அதிக நாள் இருக்கவில்லை, யாருக்கும் பாரமாக இல்லை. இறந்த செய்தி கேட்டு மாமா முதன்முறையாகப் பம்பாய்க்கு வந்தார். காரியம் முடிந்து எல்லோரும் அறைக்குத் திரும்பினோம். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. யார் எதைச் சாப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அடுத்த அறை மாவ்ஷி, அதாவது எங்கள் மராத்திச் சின்னம்மா, ஒரு தட்டு நிறையக் கம்பு ரொட்டியோடு வந்து நின்றார். யாருக்கும் கை நீளவில்லை. இவுகதான் அவுகளா என்று மாமா என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மாமா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாவ்ஷியின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார். அழுதுகொண்டே சாப்பிட்டார். அதன்பிறகுதான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.

அம்மாவை மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த பம்பாய் நண்பர்களுக்கும், குண்டாற்றில் அஸ்தி கரைக்க உடன் வந்த திருச்சுழி உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரை அச்சகத்தில் நின்று முடித்துக் கொண்டுவந்தவர் மாமா மகன். அன்று நடக்காத சம்பந்தத்தை ஒருநாளும் மனதில் வைத்துக்கொள்ளாத அத்தானுக்கும், அவர் மனைவிக்கும் என் தனிப்பட்ட நன்றி.

கடைசியாக ஒன்று. மாவ்ஷி இரண்டு நாள் ரயிலில் எங்களோடு இங்கே வந்திருக்கிறார். இன்று மதியம் பந்தியில் முதல் இலை அவருக்கு என்று மாமா சொல்லியிருக்கிறார். தமிழ் தெரியாதே என்று பரிமாறுகிறவர்கள் யாரும் தயங்க வேண்டாம். இலையில் வைத்துவிட்டு, சாப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினால் போதும். அம்மாவுக்கு அவரும் அதைத்தான் செய்தார்.