எள் கொண்டு வந்த பெண் கேட்டது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில், என் மாமனாரின் சிராத்தத்தன்று காலையில் நடந்தது இது.

சாஸ்திரிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்தாயிற்று. என் கணவரும் குளித்து மணையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது பார்த்து எள் டப்பாவைத் திறந்தால், உள்ளே பூராவும் பூச்சி. எள் இல்லாமல் தர்ப்பணம் ஏது? கடைக்கு ஓடவும் ஆளில்லை. போனில் ஆர்டர் போட்டேன்.

டிப் விஷயத்தில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. கையில் நோட்டாகக் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி என்பது என் கட்சி. ஆப்பிலேயே போட்டுவிட்டால் சில்லறை தேட வேண்டாம் என்பது கணவர் கட்சி. மாமியாருக்கு டிப் என்ற பேச்சே ஆகாது. “சம்பளம் வாங்கறாளோல்லியோ, அப்புறம் என்னத்துக்கு?” என்பார். சாஸ்திரிகளுக்கு மட்டும் தட்சிணை போதுமா என்று இரண்டு தரம் கேட்டுக் கொடுப்பார். அதை நான் சொல்லிக் காட்டினால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

சிராத்தம் முடிகிறவரை காசோ அரிசியோ கையால் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதனால் அன்று கணவர் கட்சி ஜெயித்தது. ஆப்பில் ஐம்பது ரூபாய் டிப் போட்டேன். நம் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எள்ளைக் கொண்டுவந்தது ஒரு பெண். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பொட்டலத்தை நீட்டினாள். நல்ல வெயில். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். உள்ளேயிருந்து மாமியார் “எள்ளு வந்துடுத்தா?” என்று குரல் கொடுத்ததும் அவள் முகம் மாறியது.

“அக்கா தமிழா? ஒரு காரியம் கேட்டா தப்பா நினைக்கப்பிடாது. பாத்ரூம் போவணும். ரொம்ப அர்ஜென்ட் ஆக்கும்.”

எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை. பக்கத்தில் சந்து கிடையாது. பாத்ரூம் கொல்லைப்புறத்தில். அங்கே போக வேண்டுமென்றால் சாஸ்திரிகள் இருக்கும் கூடத்தைத் தாண்டி, மாமியார் குளித்து, யார் மேலும் படாமல் மடியாகச் சமைத்துக்கொண்டிருக்கும் அடுப்படி வழியாகத்தான் போகவேண்டும். மடிப்புடவை கட்டாத நானே அன்று அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை.

இல்லை என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அவள் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து நின்றாள். கண்ணில் தண்ணீர். அந்த அவஸ்தை எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? “வா” என்றேன்.

கூடத்தில் மந்திரம் நின்றது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுப்படியில் மாமியார் பாயச உருளியும் கையுமாகத் திரும்பி, “யாருடி இது?” என்றார். பாத்ரூமுக்கு என்றேன். சுவரோடு ஒதுங்கி வழி விட்டார். ஆனால் அவ்வளவு குறுகலான இடத்தில் அந்தப் பெண்ணின் தோள்பை மாமியாரின் புடவையில் உரசிவிட்டது. மடி போயிற்று.

திரும்பி வாசலுக்கு வந்தபிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது. “இப்ப கொஞ்சம் வெள்ளம் தருவீங்களா அக்கா?” என்றாள். ஒரு செம்புத் தண்ணீரையும் நிறுத்தாமல் குடித்தாள்.

“முதல்ல கேட்டப்ப வேண்டாம்னியே?” என்றேன்.

“காலத்தே வேலைக்கு எறங்கினா ராத்திரி வரை வெள்ளமே குடிக்கமாட்டேன். குடிச்சா எங்க போவ? இதுனால சீக்கு வந்து ஆஸ்பத்திரியிலயும் கெடந்தாச்சு. டிப்பு தாறவங்க உண்டு அக்கா. இதைப் போய் யாருகிட்ட கேக்க? நாணமாட்டு இருக்கும்.” போன் அடித்தது. அடுத்த ஆர்டர். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மாமியார் மறுபடி குளித்தார். சமையல் முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டிய சாஸ்திரிகள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார். எல்லாம் முடிய வெகு நேரமாயிற்று. மாமியார் என்னோடு பேசவில்லை. வாசலில் அவள் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும்; சாயங்காலம் காபி ஆற்றும்போது மட்டும், “நாள் பூராவும் தாகத்தோடயா அலையறா அந்தப் பொண்ணு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டிப் எவ்வளவு என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பு ஆகவில்லை. ஆனால் பெண் யாராவது டெலிவரிக்கு வந்தால், பாத்ரூம் போகவேண்டுமா என்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன். சிலர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார்கள். சிலர் பதிலே சொல்லாமல் செருப்பைக் கழற்றுவார்கள். அப்படிக் கழற்றுகிற அவசரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு முன்னால் எத்தனை வாசல்களில் கேட்க வாய் வராமல் திரும்பிப் போயிருப்பார்கள் என்று எனக்கு மனசு வலிக்கிறது.