பிடிக்க ஆள் இருந்தால் எறியலாம்

குவாட்டர்பேக் வேலையில் பேர் எறிகிறவனுக்கு, பாடு பிடிக்கிறவனுக்கு. எறிகிறவன் நாற்பதைத் தாண்டும்வரை இது அவனுக்குத் தெரியவராது.

நான் சொல்வது காலால் உதைக்கும் ஃபுட்போல் அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்போல். குவாட்டர்பேக் பின்னால் நின்று பந்தை வாங்கி எறிவான். முன்னால் ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்கள் ரிசீவர்கள். டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு சின்னக் கழகத்துக்காக இருபது வருடமாக எறிந்துகொண்டிருக்கிறேன். வாரநாளில் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் எக்ஸ்ரே தேவைப்படுகிறவன். பலபேர் செய்த வேலைக்குத் தனியே பாராட்டும், பலபேர் விட்ட பிழைக்குத் தனியே ஏச்சும் வாங்கியவர்களா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே வாங்குப் பலகையில் இருக்கவேண்டியவர்கள். டேனியர்கள் சொன்னதையும் என் தமிழிலேயே தருகிறேன்.

மிக்கெல் இருந்த காலம்

மிக்கெல் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். நல்ல உயரம், அதைவிட நல்ல வேகம். எங்கள் கோச் ஹென்ரிக் போட்ட திட்டமெல்லாம் ஒரே திட்டம்தான்: மிக்கெல் நேரே ஓடவேண்டும், நான் தூரமாய் எறியவேண்டும். அவன் நாலு பேரைக் கடந்து போய்க்கொண்டிருப்பான். நான் அவசரமில்லாமல் ஆறுதலாக நின்று, பார்த்து, எறிவேன். பந்து கொஞ்சம் பின்னால் போனால் திரும்பி எடுப்பான், வெளியே போனால் எட்டி எடுப்பான்.

ஒரு சித்திரை மாத மட்சில் மேற்கிலிருந்து நல்ல காற்று. நான் எறிந்த பந்து நினைத்த இடத்துக்குப் பக்கத்திலும் போகவில்லை. மிக்கெல் ஓட்டத்தை முறித்து, பக்கவாட்டில் பாய்ந்து, ஒற்றைக் கையால் எடுத்துக் கோட்டைக் கடந்துவிட்டான். பார்க்க வந்தவர்கள் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நானும் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டேன். மிக்கெல் என்னிடம் ஓடிவந்து, பந்தைக் கையில் தந்து, சிரிக்காமல் சொன்னான்: "நீ எறிஞ்சது கார் நிப்பாட்டுற பக்கத்துக்கு. நான் வழியிலை நிண்டதாலை அதுக்குப் பேர் பாஸ்."

தோள்பட்டை

அடுத்த வருடம் மிக்கெலின் துணைவிக்குக் கோபன்ஹேகனில் வேலை கிடைத்தது. இருவரும் போய்விட்டார்கள். மற்ற நல்ல ரிசீவருக்கு முழங்கால் பிசகியது. திட்டம் மட்டும் மாறவில்லை. நான் பந்தை வைத்துக்கொண்டு யாராவது தனியே அகப்படுவானா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன், அதற்குள் எதிரணிக்காரன் என்மேல் இருப்பான். தப்பித்து எறிந்தால் பந்து புல்லில் விழும். வரிசையாகத் தோற்றோம். உடைமாற்றும் அறைக்குள் நான் வந்தால் கதை நின்றுவிடும். கை போய்விட்டது என்று எல்லாருக்கும் முடிவாகிவிட்டது, எனக்கும்தான்.

டொக்டரிடம் சொல்லித் தோளைப் படம் எடுக்க எழுதி வாங்கினேன். நான் வேலைசெய்யும் பிரிவிலேயே நோயாளிகளோடு வரிசையில் இருந்தேன். படம் எடுத்தது என் சக ஊழியை பியர்தெ. முடிவு வந்தபோது, என் வயதுக்கு இருக்கவேண்டிய தேய்மானம்தான், வேறொன்றுமில்லை என்றிருந்தது. ஏதாவது பெரிய பழுது இருந்தால் நல்லது என்று மனதுக்குள் ஆசைப்பட்டிருந்தேன், மரியாதையாக விலகலாமே. என் முகத்தைப் பார்த்துவிட்டு பியர்தெ சொன்னாள்: "தோளிலை பிழை இல்லை. எறியிற பக்கத்திலை ஆர் நிக்கினம் எண்டும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம், ஆனா அது உன்ரை தோள் படத்திலை விழாது."

ராஸ்முஸுக்கு ஒரு நாள்

ஹென்ரிக் ஒரு செவ்வாய்ப் பயிற்சியில் என்னைத் தனியே கூப்பிட்டார். வருகிற ஞாயிறு ராஸ்முஸ் எறியட்டும் என்றார். ராஸ்முஸ் பொறியியல் மாணவன், என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அவன் எறிந்தால் பந்து சீறும். "சரி" என்றேன். வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சுகந்தி தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினாள். மகள் ஆரணி, "டெட் எர் ஓகே, ஃபார்" என்றாள், பரவாயில்லை அப்பா என்று. அவள் குரலில் இருந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

ஞாயிறு கோட்டுக்கு வெளியே, என் விளையாட்டுச் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். ராஸ்முஸ் அழகாக எறிந்தான். ஒரு பந்து ரிசீவரின் நெஞ்சில் பட்டுத் தெறித்தது, இன்னொன்று திரும்பிப் பார்க்காதவனின் முதுகில் பட்டது. அவன் எறிந்த பந்து விழ விழ எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், பிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கம். தோற்ற பிறகு தண்ணீர்ப் போத்தலோடு என் பக்கத்தில் வந்து இருந்தான். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "உன்ரை பந்தும் விழுது, என்ரையும் விழுது. என்ரை கெதியாய் விழுது, அவ்வளவுதான்."

கார்த்திக்

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை. எங்கள் மாடிக் குடியிருப்பில் கீழ்வீடு. ஒரு நாள் புல்வெளியில் நானும் ஆரணியும் பந்து எறிந்துகொண்டிருக்கையில் அது கை தவறிப் போக, கையில் கடைப் பையோடு வந்தவர் பையைக் கீழே வைக்காமலே மற்றக் கையால் எடுத்தார். நான் விடவில்லை, அடுத்த பயிற்சிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அவருக்கு வேகம் இல்லை. ஆனால் எங்கே திரும்பச் சொன்னாலும் அங்கே திரும்புவார், கைக்கு வந்ததை விடமாட்டார். சிக்கல் மொழியில்தான். "கெதியாய்த் திரும்பும்" என்று நான் கத்தினால் நின்றுவிடுவார். "என்ன கதியாச்சுன்னு கேக்கறீங்களாண்ணா?" என்பார். வேகமாய் என்று மாற்றிக்கொண்டேன். பயிற்சி முடிந்து, ஒரு பந்தும் கீழே விடவில்லையே, எப்படி என்று கேட்டேன். கையுறைகளைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஊர்ல கிரிக்கெட் பந்தை வெறுங்கையில புடிச்சு வளந்தோம்ணா. இங்க கிளவுஸ் வேற குடுத்திருக்காங்க, விட்டா அசிங்கம்."

ஹென்ரிக் மாற்றிய கணக்கு

ராஸ்முஸ் தானாகவே போய் ஹென்ரிக்கிடம் கேட்டான், எறிவதை விட்டு ரிசீவராக என்னை ஓட விடுங்கள், பந்து எங்கே வரும் என்று எனக்குத் தெரியும் என்று. ஹென்ரிக் அன்றைக்குத்தான் மிக்கெலுக்காகப் போட்ட திட்டத்தை விட்டார். இனித் தூர எறிதல் இல்லை. பந்து என் கைக்கு வந்த உடனே, பக்கத்தில் திரும்புகிற கார்த்திக்குக்கோ குறுக்கே ஓடுகிற ராஸ்முஸுக்கோ போய்விடவேண்டும். எனக்குக் கோபம் வந்தது. "கைக்குழந்தைக்குப் போலை எனக்குப் பால்மா கரைச்சுக் குடுக்கிறியள்" என்றேன். ஹென்ரிக் கோபிக்கவில்லை. "நீ தூர எறிவாய். அதுவரை உன்னை ஆர் நிக்க விடுறது?" என்றார்.

கடைசி மட்சில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். கீழே போனால் பாதிப்பேர் வேறு கழகம் பார்ப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தூறல், ஈரப்பந்து. நான் சின்னச் சின்னதாக எறிந்தேன். கார்த்திக் பிடிப்பார், விழுத்தப்படுவார், மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்புவார். அப்படியே தவழ்ந்து தவழ்ந்து முன்னேறினோம். முடிகிற நேரத்தில் நாங்கள் நாலு புள்ளி பின்னால். எதிரணிக்காரர் எல்லாரும் கார்த்திக்கைச் சூழ்ந்து நின்றார்கள். குறுக்கே ராஸ்முஸ் வருவதைக் கண்டேன். எறிந்தது கொஞ்சம் பின்னால் போனது. அந்த இடத்தில் எறிந்து பழகியவன் அவன், பின்னால்தான் வரும் என்று ஓட்டத்தைக் குறைத்திருந்தான். எடுத்துக்கொண்டு கோட்டைக் கடந்தான். அதற்கு ஆறு புள்ளி, வென்றுவிட்டோம். எறிந்த உடனே விழுத்தப்பட்ட நான் எழும்பாமல் ஈரப்புல்லில் கொஞ்சம் இருந்தேன். கண் கலங்கியிருந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மட்ச் முடிந்து கை கொடுக்கும்போது எதிரணியின் தடித்த தடுப்பாட்டக்காரர் ஒருவர், என் வயதுக்காரர், எத்தனையோ வருடமாக என்னை விழுத்தியவர், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். உன் தோளுக்கு என்ன வைத்தியம் செய்தாய் என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "முந்தி நான் வரேக்கை நீ பந்தோடை நிப்பாய். இண்டைக்கு ஒவ்வொரு முறையும் வந்தன், நீ மட்டும்தான் நிண்டாய்."

ஆக, வயதுபோன குவாட்டர்பேக்குக்கு வேண்டியது ஓடுகிற நல்ல காலும் பிடிக்கிற நல்ல கையும் யோசிக்கிற நல்ல தலையும்தான், அவை அவனுடையவையாக இருக்கவேண்டும் என்றில்லை.